பூசைக்குப் பூ வேண்டுமென்றால் ஆடியிலேயே விதை போடுங்கள்: கொங்கு வாசலுக்கு ஒரு பூப்பாத்தி

ஆயுத பூசைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒவ்வொரு வருசமும் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுகிறார்கள், "இப்ப செண்டுமல்லி விதை போட்டா பூசைக்குப் பூ வந்துருமுங்களா?" என்று. வராதுங்க. விதை மண்ணில் விழுந்து முதல் பூ விரிய 60 நாளாவது ஆகும், குளிர் மாதத்தில் இன்னும் ஒரு வாரம் கூடும், அதை எந்த உரத்தைக் கொட்டினாலும் பத்து நாளாகச் சுருக்க முடியாது. ஆயுத பூசைக்குப் பூ வேண்டுமென்றால் ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றுக்குப் போய்விட்டு வந்த கையோடு விதை போட்டிருக்க வேண்டும். பொங்கல் நோம்பிக்கு வேண்டுமென்றால் தீபாவளிப் பட்டாசுக் குப்பையைக் கூட்டி முடித்ததும் போட வேண்டும். எந்த நாளுக்குப் பூ வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு அங்கிருந்து பின்னாடி எண்ணிக்கொண்டே வாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பருவப் பூச்செடி என்றால் ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதை விட்டு, காய்ந்துபோகிற செடி. செண்டுமல்லி, காசித்தும்பை, கோழிக்கொண்டை, வாடாமல்லி, ஜினியா, காஸ்மாஸ், சூரியகாந்தி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். செம்பருத்தி மாதிரி வருசக்கணக்கில் நிற்காது. "நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு காஞ்சுபோச்சு, என்ன தப்புப் பண்ணுனேன்னே தெரியலை" என்று வருத்தப்படுகிறவர்களில் பாதிப்பேர் ஒரு தப்பும் பண்ணியிருக்க மாட்டார்கள். செடிக்கு ஆயுசு முடிந்தது, அவ்வளவுதான்.

நான் பண்ணியது உண்மையான தப்பு. பல்லடம் பக்கம் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், சித்திரை மாதத்தில், ஒரு நர்சரியில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் குலுங்கிய பெட்டூனியா 20 தொட்டி வாங்கிவந்து வாசல் பாத்தியில் வரிசையாக நட்டேன். பெட்டூனியா குளிர்காலச் செடி என்று விற்றவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றே வாரம். முதலில் இலை மஞ்சளானது, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது, அப்புறம் அடியிலிருந்து காய்ந்துகொண்டே வந்து 20-ம் போய்ச் சேர்ந்தது. வெயில் பாதி, நம் ஊர்ச் சுண்ணாம்பு மண்ணும் போர்த் தண்ணியும் பாதி. அன்றிலிருந்து பூத்த செடியைக் காசு கொடுத்து வாங்குவதில்லை என்று வைத்திருக்கிறேன். கடையில் பூத்து நிற்கிற பருவச் செடி தன் ஆயுசில் பாதியை ஏற்கெனவே அங்கே முடித்துவிட்டது, வேர் அந்தச் சின்னப் பையிலேயே சுருண்டு கிடக்கும், அதைப் பிடுங்கி நட்டால் புது வேர் விடுவதா பூவைக் காப்பதா என்று திண்டாடும். நாற்றாக வாங்குங்கள், இல்லையா, விதையாக வாங்குங்கள்.

எந்த மாதம்

நமக்கு வருசத்தில் மூன்று முறை வாய்ப்பு இருக்கிறது. ஆடியில் விதைத்தால் புரட்டாசி, ஐப்பசியில் பூக்கும். ஐப்பசியில் விதைத்தால் மார்கழி, தையில் பூக்கும், இதுதான் இருப்பதிலேயே சுகமான பட்டம், வெயிலும் காத்தும் அடங்கி இருக்கும், பூ பெரிதாகவும் நிறம் ஆழமாகவும் வரும். ஒரே ஒரு தொந்தரவு, வடகிழக்குப் பருவமழை நமக்குக் கொட்டுவதும் அதே அக்டோபர், நவம்பரில்தான், அதனால் நாற்றை மழை படாத இடத்தில் வளர்த்து, பெருமழை ஓய்ந்ததும் பாத்திக்குக் கொண்டுபோங்கள். மூன்றாவது, தை கடைசியில் விதைத்துக் கோடையில் பூ பார்ப்பது. அதற்கு எல்லாச் செடியும் ஆகாது. வாடாமல்லி, கோழிக்கொண்டை, பத்துமணிப்பூ, நித்தியகல்யாணி ஆகிய நாலும் சித்திரை வெயிலுக்கு அசையாது. நித்தியகல்யாணி கணக்குப்படி பருவச் செடி இல்லை, வருசம் தாண்டியும் நிற்கும், ஆனாலும் பாத்தியில் வருசா வருசம் புதிதாக நட்டால்தான் கொழுகொழுவென்று இருக்கும், இரண்டாம் வருசம் அடி மொட்டையாகிக் குச்சி குச்சியாக நிற்கும். ஆடுகூட வாய் வைக்காது என்பது இன்னொரு சௌகரியம்.

மண்

செடிக்கு வைத்திருக்கிற காசில் முக்கால்வாசியை மண்ணில் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். கொங்கு நாட்டில் ஒரே ஊரில் இந்தப் பக்கம் செம்மண்ணும் அந்தப் பக்கம் கரிசலும் கிடக்கும், ஒரு முழம் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கல் வரும். செம்மண்ணில் தண்ணி நிற்காமல் ஓடிவிடும், கரிசலில் நின்றுகொண்டே இருந்து வேரை அழுக வைக்கும், காய்ந்தால் கைவிரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், மக்கின தொழு உரம். செம்மண்ணுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்க அது வேண்டும், கரிசலுக்குக் காத்தோட்டம் தர அதே எரு வேண்டும். கரிசல் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்று செய்யுங்கள், பாத்தியைத் தரையிலிருந்து அரையடி உயர்த்திக் கட்டுங்கள்.

பாத்தியின் அகலத்தை உங்கள் கை நீளம்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் நின்று வேலை செய்யலாம் என்றால் 4 அடி, மதில் ஓரம் என்றால் இரண்டரை அடிக்கு மேல் போகாதீர்கள், இல்லாவிட்டால் களை எடுக்க உள்ளே மிதித்துத்தான் போக வேண்டியிருக்கும், மிதித்த மண் இறுகிவிடும். நாளைக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் விழுகிற இடமாகப் பாருங்கள். தென்னை நிழலில் செண்டுமல்லி வைத்துவிட்டு இலைதான் வருது, பூ வரலை என்று சொல்வதில் அர்த்தமில்லை. அரை நிழல்தான் இருக்கிறது என்றால் காசித்தும்பை வையுங்கள், அது ஒன்று பொறுத்துக்கொள்ளும்.

முடிந்தால் பங்குனி, சித்திரையிலேயே ஒரு தடவை மம்முட்டியில் ஒரு அடி ஆழம் கொத்திப் புரட்டிக் காயப்போட்டு விடுங்கள். கோரைக்கிழங்கு இருந்தால் கையில் எடுத்துத்தான் ஆக வேண்டும், மேலாகப் பிடுங்கினால் அந்தக் கிழங்கு கீழே சிரித்துக்கொண்டு இருக்கும், ஒன்றோடு ஒன்று கம்பி மாதிரி கோத்துக்கொண்டு ஒன்றை இழுத்தால் இன்னொன்று அறுந்து மண்ணிலேயே தங்கும். அதன் பின்னால் பொறுமையாகப் போகிற அளவுக்கு அப்புறம் களை குறையும்.

எரு போடும்போது ஒரு சதுர மீட்டருக்கு இரண்டரையிலிருந்து மூன்று கிலோ மக்கின எரு, சுமாராக 10 சதுர அடிக்கு ஒரு சிமெண்ட் சட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், கூடவே 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு. மக்கினது என்பதை அழுத்திச் சொல்கிறேன். நன்றாக மக்கின எருவை அள்ளி மோந்து பார்த்தால் மழை பெய்த மண் வாசம்தான் வரும், சாணி வாசம் வரக்கூடாது, கையில் பிசைந்தால் உதிர வேண்டும். அரைகுறையாக மக்கினதை ஒருமுறை கொட்டிவிட்டேன், நட்டு ஒரு மாதத்தில் நடுப்பாத்தியில் ஒரு செடி மட்டும் மத்தியானம் வாடி சாயங்காலம் தேறிக்கொண்டிருந்தது, சரி தண்ணி பத்தவில்லை என்று ஊற்றிக்கொண்டே இருந்தேன், ஒரு நாள் லேசாக இழுத்ததும் வேரே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. குழியில் பார்த்தால் கட்டைவிரல் தடிமனில், வெள்ளையாக, செம்பட்டைத் தலையோடு, வளைந்து படுத்திருக்கிறது ஒரு புழு. தென்னையைக் கெடுக்கிற காண்டாமிருக வண்டு முட்டை வைப்பதே எருக்குழியில்தான். அந்தப் பாத்தியில் மொத்தம் பதினொன்று எடுத்தேன். வரப்பில் போடப் போட மைனாக்கள் வந்து கொத்திக்கொண்டு போயின.

பல்லடம், நாமக்கல் பக்கம் கோழி எரு சுலபமாகக் கிடைக்கும், அதை அப்படியே போட்டால் சூட்டில் நாற்று கருகும், தண்ணி தெளித்து மூடி இரண்டு மூன்று மாதமாவது கிடக்கட்டும். அதே மாதிரி பொள்ளாச்சித் தேங்காய் நார்க்கழிவு. ஈரம் பிடிக்க அருமையான பொருள்தான், ஆனால் கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். கோணிப்பையில் போட்டுத் தண்ணியை விட்டால் முதலில் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் வடியும், அந்த நிறம் வெளுக்கிற வரை மூன்று தடவையாவது அலசிவிட்டுத்தான் மண்ணில் கலக்க வேண்டும், அதுவும் மண் அளவில் கால்பங்குக்கு மேல் வேண்டாம். கழுவாமல் போட்ட வருசம் காசித்தும்பை இலையெல்லாம் ஓரம் மட்டும் சூடு போட்ட மாதிரி கருகிப் போனது.

எது நடலாம்

முதல் தடவை கைவைக்கிறவர்கள் செண்டுமல்லியில் ஆரம்பியுங்கள், மெக்சிகோவிலிருந்து வந்த செடி என்று சொன்னால் நம் ஆட்கள் நம்ப மாட்டார்கள், அந்த அளவுக்கு நம்மோடு ஒட்டிக்கொண்டது. ஜினியாவும் காஸ்மாஸும்கூட அதே ஊர்க்காரர்கள்தான், அதனால்தான் வெயிலுக்குப் பயப்படுவதில்லை. உயரச் செண்டுமல்லி இரண்டு மூன்று அடி போகும், மாலைக்கு ஆகும். குட்டைச் செண்டு ஒரு அடிக்குள் நின்றுவிடும், பாத்தி ஓரத்துக்கு அதுதான் அழகு.

ஜினியாவைப் பற்றி எனக்கு ஒரு பாரபட்சம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஒரு பொட்டலம் விதையில் இத்தனை நிறம் வேறு எந்தச் செடியும் தராது, பட்டாம்பூச்சி வேறு எதற்கும் இப்படி வராது. காஸ்மாஸ் சோம்பேறிகளுக்கான செடி, எரு போடாத பாத்தியில்தான் நன்றாகப் பூக்கும், கொழுத்த மண்ணில் ஆள் உயரம் வளர்ந்து இலையாக நின்றுவிட்டுக் காத்தில் சாயும். வாடாமல்லி பெயருக்கேற்ப பறித்து மாதக்கணக்கில் வைத்தாலும் நிறம் மங்காது. கோழிக்கொண்டையை வெல்வெட் துணியைத் தொடுவது மாதிரி தொட்டுப் பார்க்காத குழந்தை கிடையாது. பத்துமணிப்பூவுக்கு விதைகூடத் தேவையில்லை, பக்கத்து வீட்டில் ஒரு துண்டு கிள்ளி வந்து ஊன்றினால் போதும்.

பெட்டூனியா வேண்டுமே என்று ஆசைப்படுகிறவர்கள் கார்த்திகை மாதத்தில் தொட்டியில் வையுங்கள், பாத்தியில் வேண்டாம். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் அதனால் எடுக்க முடியாது, அந்த மஞ்சள் இலை, பச்சை நரம்பு அதனால்தான். ஒரு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (ஃபெர்ரஸ் சல்பேட்), ஒரு சொட்டு எலுமிச்சம் சாறு கலந்து சாயங்காலத்தில் இலையில் தெளித்தால் ஒரு வாரத்தில் பச்சை திரும்பும், ஆனால் மாதத்துக்கு இரண்டு தடவை அதையே செய்துகொண்டிருக்க வேண்டும், அந்த உழைப்புக்கு வேறு செடி வைக்கலாம்.

விதையும் நாற்றும், நடுவில் மயிலும்

ஜினியா, காஸ்மாஸ், சூரியகாந்தி மூன்றையும் பாத்தியிலேயே நேராக விதையுங்கள், இடம் மாற்றினால் முகம் சுளிக்கும். செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வாடாமல்லி, காசித்தும்பை இவற்றைக் குழித்தட்டில் போட்டு நாற்றாக நடலாம். விதையின் தடிமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும், செண்டுமல்லிக்கு அரை விரற்கடை. கோழிக்கொண்டை விதை கடுகைவிடச் சின்னது, அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிக் கும்பலாக முளைக்கும், ஒரு கை ஆற்றுமணலோடு கலந்து தூவிவிட்டு உள்ளங்கையால் லேசாக அமுக்கிவிடுங்கள். பத்துமணிப்பூ விதைக்கு மேலே மண்ணே போடக்கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். வாடாமல்லி விதை பஞ்சுக்குள் இருக்கும், ராத்திரி முழுக்க ஊறவைத்துப் போட்டாலும் பத்து நாளுக்கு மேல் எடுக்கும், பொறுமை வேண்டும். செண்டுமல்லியும் ஜினியாவும் நாலைந்து நாளில் தலை காட்டிவிடும்.

எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும், தட்டை நாலு கிண்ணித் தண்ணியில் கால் வைத்த பலகை மேல் வைத்துவிடுங்கள். முளைத்த நாற்று மண் மட்டத்தில் நூலாக மெலிந்து பொத்தென்று விழுந்தால் அது நாற்றழுகல், தண்ணி அதிகம், காத்தோட்டம் கம்மி. நார்க்கழிவில் முதலிலேயே ட்ரைக்கோடெர்மா விரிடி என்கிற, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையைக் கலந்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம், கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் கிடைக்கும், உரக்கடைகளிலும் கிடைக்கும்.

அப்புறம் மயில். வெளியூர்க்காரர்களுக்கு இது சொன்னால் சிரிப்பு வரும், நமக்கு வராது. விடிகாலையில் மதில் மேல் நாலு மயில் உட்கார்ந்திருக்கும், பார்க்க என்னவோ அழகுதான், இறங்கி வந்து வரிசை பிடித்து நாற்றுக் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே போகும், நேற்று நட்ட பாத்தியில் காலையில் குச்சி மட்டும் நிற்கும். தேசியப் பறவை, சட்டப்படி ஒன்றும் செய்யக்கூடாது, செய்யவும் மனசு வராது. வயல்காட்டில் செய்கிறதையே வாசலிலும் செய்யுங்கள், பாத்தியைச் சுற்றி நாலு குச்சி நட்டுப் பழைய சேலையைக் கட்டிவிடுங்கள். என் அம்மிச்சியின் கத்தரிப்பூ கலர் நூல் சேலை ஒன்று எட்டு வருசமாக இந்த வேலையைத்தான் பார்க்கிறது. செடி முழங்கால் உயரம் வந்துவிட்டால் மயில் அவ்வளவாகத் தொடாது, அப்புறம் அவிழ்த்துவிடலாம்.

நடுவதும் கிள்ளுவதும்

நாற்றுக்கு நாலைந்து நிஜ இலை வந்ததும், அதாவது 20, 25 நாளில், நடலாம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நடுங்கள். தட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் தண்ணி விட்டுவிட்டு, பாத்தியையும் நனைத்துவிட்டு, வேர்க்கட்டி உடையாமல் கீழிருந்து தள்ளி எடுங்கள், தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். செண்டுமல்லியை மட்டும் தட்டில் இருந்ததைவிட ஒரு விரற்கடை ஆழமாக நடலாம், தண்டிலிருந்தும் வேர் விடும், காத்துக்கும் நின்றுகொள்ளும். மற்றதெல்லாம் இருந்த மட்டத்திலேயே.

இடைவெளி விஷயத்தில்தான் எல்லாருக்கும் கை வராது. சின்ன நாற்றாக இருக்கும்போது ஒன்றரை அடி விட்டால் பாத்தி காலியாகத் தெரியும், நடுவில் இன்னொன்று செருகத் தோன்றும். செருகாதீர்கள். உயரச் செண்டுமல்லிக்கு ஒன்றரை அடி, ஜினியா, வாடாமல்லி, கோழிக்கொண்டை, காசித்தும்பைக்கு ஒரு அடி, குட்டைச் செண்டுக்கு ஒரு சாண், பத்துமணிப்பூவுக்கு அரையடி. நேராக விதைத்த ஜினியாவில் அடர்ந்து முளைத்ததைக் கலைத்தே ஆக வேண்டும், பிடுங்க மனசு வராவிட்டால் கத்தரியால் தரை மட்டத்தில் வெட்டிவிடுங்கள், பக்கத்து வேரும் ஆடாது.

செடியில் ஐந்தாறு ஜோடி இலை வந்ததும் உச்சிக் கொழுந்தைக் கிள்ளுங்கள். உயரச் செண்டுமல்லி, ஜினியா, காஸ்மாஸ், வாடாமல்லி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கிள்ளாத செடி ஒரே குச்சியாக ஓடி உச்சியில் ஒரு பூ வைக்கும், கிள்ளினால் ஒவ்வொரு இலைக்கணுவிலிருந்தும் பக்கக்கிளை வெடிக்கும். முதல் பூ ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப்போகும், அதையும் நோம்பிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேவல் கொண்டை மாதிரி ஒற்றைக் கொண்டை வைக்கிற கோழிக்கொண்டையை மட்டும் கிள்ளக்கூடாது, உச்சிதான் அங்கே பூ. ஒருமுறை இருபது செடிக்கும் வரிசையாகக் கிள்ளிவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தண்ணியும் காத்தும்

சிறுவாணித் தண்ணி குடிக்கவே பத்துவதில்லை, பூப்பாத்திக்கு எங்கே போக, பெரும்பாலும் போர்த் தண்ணிதான். உப்புத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் தெளித்தால் மேலாக வெள்ளைப் பொருக்கு கட்டும். அதனால் வேர்பிடிக்கிற முதல் வாரம், பத்து நாள் மட்டும் தினமும் விட்டுவிட்டு, அதற்கப்புறம் மண்ணில் விரலை ஒரு அங்குலம் விட்டுப்பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் அடிவரை இறங்குகிற மாதிரி நிறைய விடுங்கள். காலையில் விடுங்கள், வேரில் விடுங்கள், பூவின் தலைமேல் ஊற்ற வேண்டாம். மழை வந்தால் அந்த உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடும், ஐப்பசி மழைக்குப் பிறகு பாத்தி தெளிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மண்ணை மூடிவைப்பது பாதித் தண்ணிச் செலவைக் குறைக்கும். கடலைக்காய்த் தொலி, கரும்புச் சோகை, தென்னை ஓலையை நறுக்கியது, எது கிடைக்கிறதோ அதை இரண்டு அங்குலம் பரப்பிவிடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் நாலு விரல் விட்டுவிடுங்கள்.

ஆடிக்காத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வருகிற காத்து உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் காற்றாலைக் காத்தாடிகளை எந்த வேகத்தில் சுற்றுகிறதோ அதே வேகத்தில்தான் உங்கள் பாத்திமேலும் போகும். வானம் மூடி இருக்கும், வெயிலே தெரியாது, தண்ணி வேண்டாம் என்று நினைத்துவிடுவீர்கள், ஆனால் அந்தக் காத்து இலையில் இருந்தும் மண்ணில் இருந்தும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். விரலை விட்டுப் பாருங்கள் என்றது அதற்குத்தான். ஆடியில் நடுகிறவர்கள் உயரச் செடிக்கு நடும்போதே குச்சி ஊன்றிவிடுங்கள், செடி சாய்ந்த பிறகு ஊன்றினால் வேரில்தான் குத்தும். பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திச் செடிக் குச்சி, கிடைத்தால் அதைவிட நல்ல குச்சி கிடையாது. கட்டுவதற்கு நூல் கயிறு வேண்டாம், தண்டை அறுக்கும், திருப்பூர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், பனியன் கட்டிங் வேஸ்ட்டை நீளமாகக் கிழித்து எட்டுப் போட்ட மாதிரி தளர்வாகக் கட்டினால் செடி பருக்கப் பருக்க அதுவும் இழுத்துக்கொடுக்கும்.

பூவைப் பறித்துக்கொண்டே இருங்கள்

இந்தச் செடிகளுக்கு வாழ்க்கையில் ஒரே நோக்கம்தான், விதை விடுவது. விதை முற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் வாடின பூவை விடவே கூடாது. வாடின பூவின் தலையை மட்டும் பிய்த்தால் மொட்டைக் காம்பு நிற்கும், அப்படிச் செய்யாமல், காம்பைத் தடவிக்கொண்டே கீழே போனால் முதல் ஜோடி இலை விரலில் படும், அதற்குச் சற்று மேலே கட்டைவிரல் நகத்தால் கிள்ளுங்கள். அந்த இலைக்கக்கத்தில் இருந்துதான் அடுத்த மொட்டு வரும். வாரத்துக்கு இரண்டு நாள் காப்பி டம்ளரோடு பாத்தியைச் சுற்றி வந்தாலே வேலை முடிந்துவிடும். சாமிக்கும் தலைக்கும் தினமும் பூப் பறிக்கிற வீட்டில் செண்டுமல்லி மூன்று மாதம் பூப்பதும், அழகுக்கு விட்டுவைத்த வீட்டில் ஒன்றரை மாதத்தில் நின்றுபோவதும் இதனால்தான்.

பூக்க ஆரம்பித்ததும் 15 நாளுக்கு ஒரு தடவை ஏதாவது கொடுக்க வேண்டும். கடலைப் புண்ணாக்கு ஒரு கை எடுத்து மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்த தண்ணியைப் பத்து மடங்கு தண்ணியில் கலந்து வேரில் ஊற்றலாம், நாற்றம் இரண்டு நாள் இருக்கும், விருந்தாளி வருகிற வாரம் தவிர்த்துவிடுங்கள். நம் கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யம் கைவசம் இருந்தால் 10 லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி, வடிகட்டிச் சாயங்காலம் தெளியுங்கள். யூரியாவை மட்டும் பாத்திப் பக்கம் கொண்டுவராதீர்கள், இலை கருகருவென்று வரும், பூ வராது, சாறு உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சி தேடிவந்து உட்காரும்.

பூச்சிக்குப் பெரிய அத்தியாயம் தேவையில்லை. அசுவினி, மாவுப்பூச்சி இரண்டுக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி. நாட்டிலேயே முதன்முதலில் பப்பாளி மாவுப்பூச்சியை 2008-ல் கண்டதே நம் கோவையில்தான், பப்பாளி, மல்பெரி, செம்பருத்தி என்று ஒன்றையும் விடாமல் தின்றது, கடைசியில் மருந்துக்கு அடங்காமல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு துக்கடா ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. அதனால் வீரியமான மருந்தை அடிக்கும் முன்னால் யோசியுங்கள், நல்லதும் சேர்ந்து சாகும். மாசி, பங்குனியில் செண்டுமல்லி இலை தூசி படிந்தமாதிரி வெளிறி, உச்சியில் மெல்லிய வலை தெரிந்தால் அது சிலந்திப்பேன், ஓஸ் வைத்து அடிப்பக்கம் தண்ணியைப் பீச்சினாலே குறையும். மார்கழிப் பனியில் ஜினியா இலைமேல் திருநீறு பூசினமாதிரி வரும், நெருக்கி நட்டவர்களுக்கு முதலில் வரும், அந்த இலைகளைக் கிள்ளிப்போட்டுவிட்டு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம். நத்தையை ராத்திரி டார்ச் லைட் அடித்துப் பொறுக்கி ஒரு வாளி உப்புத் தண்ணியில் போட வேண்டியதுதான்.

கடைசியில்

பூ சின்னதாகி, அடி இலை காய்ந்து, செடி களைத்துப்போகிற நேரம் வரும். அதற்கு மூன்று வாரம் முன்னாடியே விதைக்கு ஆள் பிடித்துவையுங்கள். நல்ல நிறம், நல்ல அடுக்கு உள்ள பூ இரண்டு மூன்றில் சிவப்புத் துணி கட்டிவிட்டு வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை பூசைக்குப் போய்விடும். செண்டுமல்லியும் ஜினியாவும் செடியிலேயே பழுப்பாகக் காய வேண்டும். காசித்தும்பைக் காய் கைபட்டதும் வெடித்து விதை தெறிக்கும், சின்ன வயதில் அதைத் தேடித்தேடி வெடித்தவர்கள்தான் நாமெல்லாம், இப்போது அதற்குக் காய் முற்றும் முன்னால் ஒரு துணிப்பை கட்டிவிட வேண்டியிருக்கிறது. வீரிய ஒட்டுரக (ஹைப்ரிட்) விதையில் வந்த செடியில் இருந்து எடுத்த விதை தாயைப்போல் வராது, நிறம் மாறும், அடுக்கு குறையும். நாட்டுச் செண்டு, வாடாமல்லி, காசித்தும்பைக்கு அந்தக் கவலை அவ்வளவாகக் கிடையாது.

செடியைப் பிடுங்கும்போது வேரைப் பாருங்கள். காசித்தும்பை, கோழிக்கொண்டை வேரில் முண்டு முண்டாக வீங்கியிருந்தால் மண்ணில் நூற்புழு, அதாவது வேரைத் தாக்குகிற கண்ணுக்குத் தெரியாத புழு, இருக்கிறது, அந்தப் பாத்தியில் அடுத்த பட்டம் முழுக்கச் செண்டுமல்லியே நெருக்கமாக நடுங்கள், அதன் வேரில் இருக்கிற ஒரு பொருள் நூற்புழுவுக்கு ஆகாது, தக்காளி, கத்தரி வைக்கிறவர்களும் அதனால்தான் ஓரத்தில் செண்டு வைக்கிறார்கள். நோயில்லாத செடியை நறுக்கிப் பாத்தியிலேயே புதைத்துவிடலாம்.

விதையை நிழலில் ஒரு வாரம் காயவைத்துக் காகிதத்தில் மடித்து வையுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம், வேர்த்துப் பூசணம் பிடிக்கும். எனக்கு வருகிற கல்யாணப் பத்திரிகை உறையெல்லாம் இதற்குத்தான் போகிறது. மேலே பூவின் பெயரையும் எடுத்த மாதத்தையும் எழுதி, கூடவே அடுத்து விதைக்க வேண்டிய நாளையும் எழுதிவிடுவேன். இப்போது அலமாரியில் இருக்கிற ஒரு உறையில் "உயரச் செண்டு, ஆரஞ்சு, தை. ஆடிப் பதினெட்டுக்குப் போடு, மயிலுக்குச் சேலை எடுத்துவை" என்றிருக்கிறது.